ரஷ்யன் படிக்கப் போகிறவர்களுக்கு, வரலாற்றில் ஃபெயில் ஆனவள் எழுதுவது

ரஷ்ய மொழியில் ‘போச்கா’ என்றால் பீப்பாய். ‘போச்கா’ என்றால் சிறுநீரகம். அச்சுப் பிழை இல்லை, இரண்டும் வேறு வேறு சொற்கள். முதலாவது ‘கம்பு’ என்பதில் வரும் ப-வில் தொடங்குகிறது. இரண்டாவது ‘பல்’லில் வரும் ப-வில். தமிழில் எழுதினால் பீப்பாயும் சிறுநீரகமும் ஒன்றாகிவிடும். முதல் மாதம் இரண்டு நோட்டு நிறைய ரஷ்யச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். இரண்டையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. எனவே பட்டப்படிப்பில் சேர்ந்த நாளிலிருந்தே ரஷ்யச் சொல்லை ரஷ்ய எழுத்தில் மட்டும் எழுதுங்கள். இந்தக் கட்டுரையில் நானே தமிழில்தான் எழுதப் போகிறேன், வேறு வழியில்லை. நீங்கள் செய்யாதீர்கள்.

எழுத்தைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. மொத்தம் 33. 247 எழுத்து பார்த்த கண்ணுக்கு இது ஒரு வாரத்து வேலை. ஆங்கிலம் தெரிவதால்தான் கொஞ்சம் தடுமாற்றம் வரும்: ஆங்கில எச் போல இருப்பது ந, சி போல இருப்பது ஸ, எக்ஸ் போல இருப்பது ஹ. இதெல்லாம் நாலு நாளில் பழகிவிடும். பலரும் தள்ளிப்போடுவது கையெழுத்தை. அச்சு எழுத்து மட்டும் கற்றுக்கொண்டு வகுப்புக்குப் போனால், ஆசிரியை கரும்பலகையில் எழுதுவது வெறும் அலை அலையாகத் தெரியும். ல, ம, ஷ, இ எல்லாம் ஒரே மாதிரி மேலும் கீழும் போகும் கோடுகள். த-வுக்கு மூன்று கால் முளைத்திருக்கும். அதே வாரத்தில், அதே நோட்டில், கையெழுத்தையும் பழகிவிடுங்கள். நோவ்கரத் நகரத்து ஈர மண்ணிலிருந்து 1951 முதல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிர்ச் மரப்பட்டைக் கடிதங்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அவற்றில் சில, 13ஆம் நூற்றாண்டில் ஓன்ஃபிம் என்ற சிறு பையன் எழுதிப் பழகியவை. எழுத்து வரிசையை எழுதி, அலுத்துப்போய், பக்கத்திலேயே தான் குதிரையில் ஏறி எதிரியைக் குத்துவது போலப் படம் போட்டு வைத்திருக்கிறான். எனக்கு அலுப்பு வந்தபோதெல்லாம் அவன்தான் துணை.

அடுத்தது இலக்கணம். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

கையில் கிடைக்கும் பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுகிறவர்களுக்காக எழுதப்பட்டவை. வேற்றுமை என்றால் என்ன என்று பத்துப் பக்கம் விளக்குவார்கள், படித்தால் பெரிய பூதம் போலத் தெரியும். நான் ஒரு பருவம் முழுக்க ரஷ்யத்தை ஆங்கிலமாக மாற்றி, ஆங்கிலத்தை மனசுக்குள் தமிழாக மாற்றிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு தரகர். அவரை வெளியே அனுப்பிய பிறகுதான் பாடம் ஓடத் தொடங்கியது.

‘நான் மாணவி’ என்பதற்கு ரஷ்யத்தில் இரண்டே சொல்தான். நடுவில் எந்த வினையும் தேவையில்லை, தமிழ் போலவே. ‘என்னிடம் புத்தகம் இருக்கிறது’ என்பது அப்படியே ‘ஊ மின்யா யெஸ்த் க்னீகா’. ஆங்கிலத்தில் புத்தகத்தை ‘நான் வைத்திருக்க’ வேண்டும், ரஷ்யத்திலும் தமிழிலும் புத்தகம் என்னிடம் ‘இருக்கிறது’. ‘எனக்குக் குளிர்கிறது’, ‘எனக்குப் பிடிக்கும்’, ‘எனக்கு இருபது வயது’ மூன்றிலும் ரஷ்யர்கள் ‘எனக்கு’ என்றே தொடங்குகிறார்கள்.

ரஷ்யத்தில் ஆறு வேற்றுமை, நமக்கு எட்டு. வரிசைதான் வேறு. அவர்களுடைய மூன்றாவது நம்முடைய நான்காம் வேற்றுமை, கு. நான்காவது நம்முடைய இரண்டாம் வேற்றுமை, ஐ. ஐந்தாவது நம்முடைய மூன்றாம் வேற்றுமை. இது பொருந்துகிற அழகை என்னால் மறக்கவே முடியவில்லை. ‘பேனாவால் எழுதினேன்’, ‘நண்பனோடு வந்தேன்’ என்ற ஆல், ஓடு இரண்டையும் தமிழ் இலக்கணம் ஒரே வேற்றுமையில் வைத்திருக்கிறது. ரஷ்யத்திலும் இரண்டுக்கும் ஒரே விகுதி, ‘ஓடு’ வரும் இடத்தில் மட்டும் முன்னால் ஒரு சின்ன ஸ். எட்டாவதான விளி வேற்றுமை அவர்களிடம் செத்துப்போய்விட்டது. ஆனால் கடவுளைக் கூப்பிடும் ‘போஷே’ போன்ற ஒன்றிரண்டு பழைய சொற்களில் அதன் மிச்சம் இருக்கிறது.

இன்னொன்று, உயிருள்ளதும் உயிரற்றதும். ‘புத்தகம் வாங்கினேன்’ என்று ஐ போடாமல் சொல்கிறோம். ‘தம்பி பார்த்தேன்’ என்று சொல்வோமா? ‘தம்பியைப் பார்த்தேன்’தான். ரஷ்ய ஆண்பால் சொற்களிலும் இதே கதை. மேசையைப் பார்த்தால் மேசை மாறாது, மாணவனைப் பார்த்தால் மாணவன் மாறுவான். ஆனால் அவர்கள் பிரிப்பது உயர்திணை, அஃறிணை என்று அல்ல, உயிரை வைத்து. நாயும் பூனையும் மாணவன் பக்கம் போய்ச் சேரும். ‘இறந்தவன்’ என்ற சொல் உயிருள்ள பக்கத்தில் நிற்கும், ‘பிணம்’ என்பதற்கான சொல் மேசையோடு நிற்கும். ஏன் என்று கேட்டால் ஆசிரியை சிரித்தார். நானும் அதற்குமேல் கேட்கவில்லை.

உச்சரிப்பிலும் ஒரு கைச்சரக்கு நம்மிடம் உண்டு. ரஷ்யத்தில் இ-க்கும் உ-வுக்கும் நடுவில் பிறக்கும் ஓர் உயிரெழுத்து இருக்கிறது. மற்ற நாட்டு மாணவர்கள் அதற்காகப் பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு பயிற்சி செய்தார்கள். ‘அது’, ‘பாட்டு’ என்று பேசும்போது கடைசியில் உதட்டைக் குவிக்காமல் விடுகிறோமே, அந்தக் குற்றியலுகரம் ஏறக்குறைய அதுதான். கொஞ்சம் நீட்டினால் போதும். அழுத்தம் விஷயத்தில் மட்டும் நமக்கு எந்த உதவியும் இல்லை. ‘ஸாமக்’ என்று முன்னால் அழுத்தினால் கோட்டை, ‘ஸமோக்’ என்று பின்னால் அழுத்தினால் பூட்டு, எழுத்து ஒன்றுதான். பால் என்ற சொல்லில் மூன்று ஒ எழுதியிருக்கும், ஆனால் அழுத்தம் விழாத இடத்து ஒ எல்லாம் அ-வாகி ‘மலகோ’ என்று கேட்கும். சாதாரணப் புத்தகங்களில் அழுத்தக்குறி போட மாட்டார்கள். ஒவ்வொரு சொல்லையும் காதால் கேட்ட பிறகே மனப்பாடம் செய்யுங்கள்.

சரி, தமிழ் கைவிடும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது பால். ‘நான் படித்தேன்’ என்பதில் நமக்கு ஆணா பெண்ணா என்ற பேச்சே இல்லை. ரஷ்யத்தில் இறந்தகாலம் என்றால் ‘நான்’ என்றாலும் பால் காட்ட வேண்டும்: ஆண் ‘சிதால்’ என்பான், பெண் ‘சிதாலா’ என்பாள். நான் கேட்டுப் பழகிய ஒலிப்பதிவுகளில் ஆண்குரல்தான். முதல் மூன்று மாதம் வகுப்பில் நான் ஆணாகவே பேசிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது, ஒவ்வொரு வினைக்கும் உள்ள இரட்டை வடிவம். ‘படித்தேன்’, ‘படித்துவிட்டேன்’ என்ற வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி தூரம் போய்விடலாம், விடு செய்யும் வேலையை அங்கே பெரும்பாலும் முன்னொட்டு செய்கிறது. மீதிப் பாதிக்கு உதாரணம்தான் வழி. ‘அறைக்குள் குளிர்கிறதே, ஜன்னலைத் திறந்தார்களா?’ என்று கேட்க இரண்டு வினை. ‘அத்க்ரீலி’ என்றால் திறந்தது திறந்தபடி இருக்கிறது. ‘அத்க்ரிவாலி’ என்றால் திறந்து, பிறகு மூடியும் விட்டார்கள், குளிர் மட்டும் மிச்சம். இப்படிப்பட்ட ஜோடிகளை விதியாக எழுதாமல் காட்சியாக எழுதி வையுங்கள். நூறு காட்சி சேர்ந்தால் விதி தானாக வரும். ரஷ்ய மொழித் தேசியச் சொற்றொகுதி என்று இணையத்தில் இலவசமாக ஒன்று இருக்கிறது. ஒரு வினையைத் தட்டினால் அது உண்மையான எழுத்தில் எங்கெல்லாம் வந்தது என்று வரிசையாகக் காட்டும். அகராதியைவிட அதில்தான் நான் அதிகம் கிடந்தேன்.

மூன்றாவது, போவது. நமக்கு ‘போ’ ஒன்று போதும். அவர்களுக்கு நடந்து போவது வேறு, வண்டியில் போவது வேறு, ஒருமுறை ஒரு திசையில் போவது வேறு, வழக்கமாகப் போய்வருவது வேறு. மொழி பழக ஓராண்டு தங்கியிருந்த ரஷ்ய நகரமான கஸானில், வீட்டுக்கார அம்மாவிடம் ‘நாளைக்கு மாஸ்கோ போகிறேன்’ என்று நடக்கும் வினையைப் போட்டுச் சொன்னேன். சுமார் 800 கிலோமீட்டர். ‘அப்படியானால் செருப்பை மாற்றிக்கொண்டு போ’ என்றார்.

எண்களைப் பற்றி ஒரே வரி: ஒன்றுக்கு ஒரு விகுதி, இரண்டிலிருந்து நான்குவரை ஒன்று, ஐந்திலிருந்து வேறொன்று, இருபத்தொன்றில் மறுபடி முதலிலிருந்து. மனப்பாடம்தான்.

இனி, சேருவதற்கு முன்பே பார்க்க வேண்டியது. பல்கலைக்கழகத்தின் பெயரைவிடப் பாடத்திட்டத்தைப் பாருங்கள். முதல் ஆண்டில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் மொழி வகுப்பு? எட்டுக்குக் கீழே என்றால் நான் சேர மாட்டேன். வரலாற்றுத் தாள்கள் சோவியத் ஒன்றியம் கலைந்த 1991-இல் நின்றுவிடுகின்றனவா, அதற்குப் பிறகும் போகின்றனவா? படிப்புக்கு ‘யூரேசியா’ என்று பெயர் வைத்துவிட்டு மாஸ்கோவையும் பீட்டர்ஸ்பர்கையும் மட்டும் நடத்துகிறார்களா? ரஷ்யனோடு கஸாக், உஸ்பெக், ஜார்ஜியன், உக்ரைனியன் என்று இன்னொரு மொழி எடுக்க இடம் இருக்கிறதா? இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள், காரணம் கீழே வருகிறது. ரஷ்யாவிலேயே இளங்கலை படிக்க நினைப்பவர்களுக்கு டி.ஆர்.கே.ஐ. என்ற மொழித்தேர்வில் முதல் நிலை, அதாவது ஐரோப்பிய அளவில் பி1, தேவைப்படும். மொழியே தெரியாமல் போகிறவர்கள் முதலில் ஓராண்டு ‘பொத்ஃபாக்’ என்ற ஆயத்தப் பிரிவில் உட்கார வேண்டும்.

இப்போது ஃபெயில் ஆன கதை.

என் மொழி ஆண்டு 2017-18, வோல்கா நதிக்கரையில் இருக்கும் கஸானில். ரஷ்யத் தேர்வுகள் பெரும்பாலும் வாய்மொழிதான். மேசையில் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஒன்றை எடுக்க வேண்டும், கொஞ்ச நேரம் குறிப்பு எழுதிக்கொள்ளலாம், அப்புறம் ஆசிரியை எதிரில் உட்கார்ந்து பேச வேண்டும். உயர்ந்த மதிப்பெண் 5. இரண்டு வாங்கினால் ஃபெயில். எனக்கு வந்த சீட்டு: 1552, மாஸ்கோ மன்னன் நான்காம் இவான் கஸானைப் பிடித்தது. இதைவிட எளிதான சீட்டு உண்டா என்று மனசுக்குள் குதித்தேன். முற்றுகை, மதிலைத் தகர்த்த வெடிமருந்து, அக்டோபர் 2, வோல்கா வழி திறந்தது, நான்கு ஆண்டில் அஸ்த்ரகான், அப்புறம் சைபீரியா என்று கடகடவென்று ஒப்பித்தேன்.

ஆசிரியை கேட்டார்: “நீங்கள் சொன்ன கதை முழுக்க மதிலுக்கு வெளியே நடக்கிறது. உள்ளே யாராவது இருந்தார்களா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு.

கோபம் வந்தது. பாடநூலில் இருந்ததைத்தானே சொன்னேன்? ஆனால் அந்தப் பாடநூல் மாஸ்கோவிலிருந்து பார்த்து எழுதியது. மொழியில் ஆங்கிலத் தரகரை விரட்டிய நான், வரலாற்றில் மாஸ்கோ தரகரைக் கூடவே வைத்துக்கொண்டிருந்தேன். தேர்வு முடிந்து கஸான் கிரெம்ளினுக்கு, அதாவது அந்த ஊர்க் கோட்டைக்கு, நடந்தேன். அந்த வளாகத்தில் பழைய தேவாலயமும் 2005-இல் திறந்த குல் ஷரீப் மசூதியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. குல் ஷரீப், 1552-இல் நகரைக் காத்து நின்று இறந்ததாகச் சொல்லப்படும் சமயத் தலைவர். அதே வெற்றியைக் கொண்டாடத்தான் இவான் மாஸ்கோவில் ஒரு கோயில் கட்டினான்: செஞ்சதுக்கத்தில் வெங்காயக் குவிமாடங்களோடு இருக்கிறதே, ரஷ்யா என்றாலே எல்லாரும் போடும் படம், அதுதான். அந்தப் படத்தை நூறு முறை பார்த்திருக்கிறேன். அது கஸானைப் பற்றிய கட்டடம் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு நான் வரலாறு படித்த முறையைச் சொல்கிறேன். மாஸ்கோவும் பீட்டர்ஸ்பர்கும் அல்லாத ஒரு நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாஷ்கென்ட், திபிலீசி, ஒடேசா, அல்மாட்டி, எதுவானாலும் சரி. பட்டம் முடியும்வரை அதை விடாதீர்கள். பாடத்தில் எந்த நிகழ்ச்சி வந்தாலும் அன்றைக்கு அந்த நகரத்தில் என்ன நடந்தது என்று தேடுங்கள். ஒவ்வொரு ஆண்டுக்கும் நோட்டில் மூன்று வரி: தலைநகரம் என்ன சொல்கிறது, அங்கே இருந்தவர்கள் என்ன சொல்கிறார்கள், அந்தப் பதிவு எந்த மொழியில் இருக்கிறது. மூன்றாவது வரிதான் கண்ணைத் திறக்கும்.

என் நோட்டில் கஸான் 922-இல் தொடங்குகிறது. வோல்காக் கரையில் இருந்த பல்கார்களிடம் பாக்தாத் தூதர் வந்து சேர்ந்த ஆண்டு அது. அவர்கள் இஸ்லாத்தை ஏற்றதை அந்த ஆண்டோடு சேர்த்தே நினைவுகூர்கிறார்கள். பதிவு அரபியில். கீவ் அரசர் விளாதிமிர் ஞானஸ்நானம் பெற்றது 988-இல்தான். அப்புறம் மங்கோலியர், அவர்களுடைய தங்கப் பேரரசு (கோல்டன் ஹோர்ட்), கான்கள். 1804-இல் பல்கலைக்கழகம், அதற்கு 1827 முதல் 1846 வரை ரெக்டராக இருந்தவர் கணித மேதை லோபச்செவ்ஸ்கி. 1887-இல் மாணவர் கூட்டத்தில் கலந்துகொண்டதற்காக வெளியேற்றப்பட்ட சட்ட மாணவர் உல்யானவ், பிற்பாடு லெனின். 1920-இல், அந்தப் பகுதியில் வாழும் துருக்கிய மொழிக்கார மக்களான தாதார்களின் பெயரில், தாதார் தன்னாட்சிக் குடியரசு.

எழுத்தின் கதையைத் தனியாகக் குறித்தேன். தாதார் மொழி 1920-களின் இறுதிவரை அரபி எழுத்தில் இருந்தது, பிறகு லத்தீன், 1939-இல் ரஷ்ய எழுத்தான சிரில்லிக். என் வீட்டுக்கார அம்மா தாதார்க்காரர். எல்லாரும் அழைப்பது போல நானும் ‘அபா’ என்றுதான் அழைத்தேன், நம் ‘அக்கா’ போல. அவரிடம் ஒரு தகர டப்பா நிறைய அவருடைய தாத்தாவின் கடிதங்கள் இருந்தன, எல்லாம் அரபி எழுத்தில். மொழி அவருடைய தாய்மொழி, ஆனால் ஒரு வரிகூட அவரால் படிக்க முடியாது. சோவியத் மொழிக்கொள்கை பற்றி நான் எழுதிய நல்ல கட்டுரை அந்த டப்பாவிலிருந்து வந்ததுதான். நான் இருந்த அதே 2017 இலையுதிர்காலத்தில், குடியரசின் பள்ளிகளில் எல்லாருக்கும் கட்டாயமாக இருந்த தாதார் பாடம், பெற்றோர் எழுத்தில் சம்மதம் கொடுத்தால் மட்டும் என்று மாறியது. அபாவின் பேரன் வீட்டுப்பாடம் குறைந்ததென்று குதித்தான். அபா அன்று இரவு அதிகம் பேசவில்லை.

அதன் பிறகுதான் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் அவரிடமே தாதார் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். ‘கிதாப்’ புத்தகம், ‘கிதாப்லார்’ புத்தகங்கள், ‘கிதாப்லாரிம்தா’ என் புத்தகங்களில். ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போகும், வினை கடைசியில் வரும். ரஷ்யத்தைவிட இது நமக்குப் பக்கத்து வீடு. கஸாக், உஸ்பெக், கிர்கிஸ் எல்லாம் இதே துருக்கியக் குடும்பம். இரண்டாவது மொழி எடுங்கள் என்று சொன்னது இதற்காகத்தான். சரளமாகப் பேச வேண்டாம், கடைப் பலகையையும் கல்வெட்டையும் படித்தால் போதும், நீங்கள் பார்க்கும் நாடு இரண்டு மடங்காகிவிடும்.

சந்தையில் நிற்கும்போதும் இந்த மூன்று வரிப் பழக்கம் உதவும். ரஷ்யா முழுக்க ‘கொரியக் கேரட்’ என்று ஒரு காரமான சாலட் விற்கிறது. 1937-இல் தூரக் கிழக்கிலிருந்து ஏறக்குறைய 1,70,000 கொரியர்களை ரயிலில் ஏற்றி கஸாக்ஸ்தானிலும் உஸ்பெகிஸ்தானிலும் கொண்டுபோய் விட்டார்கள். அவர்கள் புது மண்ணில் கிடைத்ததை வைத்துச் செய்தது அது. கொரியாவில் அப்படி ஒரு பண்டம் கிடையாது.

சொற்களில் கவனம் வேண்டும். தமிழில் ‘ரஷ்ய’ என்று ஒன்றுதான் சொல்கிறோம். அவர்களிடம் ‘ரூஸ்கி’ என்றால் இனமும் மொழியும், ‘ரஸ்ஸீஸ்கி’ என்றால் அரசும் குடிமக்களும். அபா ரஸ்ஸீஸ்கி குடிமகள், ரூஸ்கி அல்ல. இதைக் குழப்பினால் ஒரு மேசையே அமைதியாகிவிடும், நான் அமைதியாக்கியிருக்கிறேன். ‘உக்ரைனில்’ என்று சொல்ல ‘வ்’ போடுவதா ‘ந’ போடுவதா என்ற ஒற்றை முன்னிடைச்சொல், பேசுகிறவர் அதைத் தனி நாடாகப் பார்க்கிறாரா என்பதைக் காட்டும் அடையாளமாகிவிட்டது. கட்டுரை எழுதும்போது எதை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். ‘யூரேசியா’ என்பதே அப்பாவிச் சொல் அல்ல. 1917 புரட்சிக்குப் பின் ரஷ்யாவைவிட்டு வெளியேறிய துருபெத்ஸ்கோய், சவீத்ஸ்கி போன்ற அறிஞர்கள் 1921-இல் பல்கேரியாவின் சோஃபியாவில் இருந்துகொண்டு, ரஷ்யா ஐரோப்பாவும் இல்லை ஆசியாவும் இல்லை, தனி உலகம் என்று ஒரு கொள்கையைத் தொடங்கினார்கள். அது இன்றைக்கும் வேறு வேறு கைகளில் அரசியலாக ஓடுகிறது. உங்கள் துறையின் பெயரில் அந்தச் சொல் இருந்தால், எந்தப் பொருளில் வைத்தார்கள் என்று முதல் வாரத்திலேயே கேளுங்கள்.

மொழி ஆண்டுக்கு எங்கே போவது? 2022-இல் உக்ரைன் மீதான முழுப்போர் தொடங்கிய பிறகு, பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் மாணவர்களை ரஷ்யாவுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டு அல்மாட்டி, பிஷ்கெக், திபிலீசி, பால்டிக் நாடுகள் என்று மாற்றிக்கொண்டன. இதை இழப்பாக மட்டும் பார்க்க வேண்டாம். பிஷ்கெக் தெருவில் ரஷ்யனும் கிர்கிஸும் ஒரே வாக்கியத்தில் கலந்து ஓடும். மாஸ்கோவிலேயே இருந்தால் இந்தக் காது பழகாது. எங்கே போனாலும் சக நாட்டு மாணவர்களோடு அறை எடுக்காதீர்கள், ஒரு குடும்பத்தோடு தங்குங்கள். முதல் மாதம் தலைவலி வரும், இரண்டாவது மாதம் கனவு ரஷ்யத்தில் வரும். ஆசிரியரைப் பெயரும் தந்தைவழிப் பெயரும் சேர்த்துக் கூப்பிடுங்கள். ‘நீ’, ‘நீங்கள்’ அங்கேயும் உண்டு, எப்போது ‘நீ’ போடலாம் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பூ வாங்கினால் ஒற்றைப்படையில் வாங்குங்கள், இரட்டைப்படை சாவு வீட்டுக்கு.

மறுதேர்வில் எனக்கு வந்த சீட்டு நெர்ச்சின்ஸ்க் ஒப்பந்தம், 1689. ரஷ்யாவும் சீனாவின் சிங் பேரரசும் அமூர் நதிப் பகுதியில் எல்லை வகுத்துக்கொண்டது. இந்தமுறை ஆண்டைச் சொல்வதற்கு முன் அங்கே வாழ்ந்த எவென்க்கி, புரியாத்து மக்களைச் சொன்னேன், கோடு போட்டது அவர்கள் மேய்த்துத் திரிந்த நிலத்தில் என்பதால். பிறகு பதிவின் மொழி: ரஷ்யம், மஞ்சு, அவற்றுக்கு மேலே லத்தீன். இரு தரப்புக்கும் பொது மொழி இல்லாததால், சிங் பக்கம் வந்திருந்த இரண்டு ஜெசூயிட் பாதிரிகள்தான் பேச்சை மாற்றி மாற்றிச் சொன்னார்கள். எனவே நம்பத்தகுந்த பிரதி லத்தீனில்தான் இருந்தது. ஆசிரியை பேனாவை எடுத்து 4 போட்டார்.

ஐந்து ஏன் இல்லை என்று கேட்டேன். ‘இதை நான் பாடநூலுக்கு வெளியே படித்தேன்’ என்று பெருமையாகச் சொல்லியிருந்தேன். ‘சிதால்’ என்று, ஆண்பாலில்.